மட்டக்குதிரைக்குத் தீராத அரிப்பு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் மட்டக்குதிரை செல்லிக்கு ஒன்பது வயது. மழை விட்டதிலிருந்து பிடரியையும் வால் அடியையும் வேப்பமரத்தில் தேய்த்துத் தேய்த்து முடியே இல்லாமல் செய்துவிட்டாள். நேற்று பார்த்தால் மரப்பட்டையில் ரத்தமும் நாலைந்து பிடரி மயிரும் ஒட்டியிருந்தன.

முதலில் சொறி என்றுதான் நினைத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, கொசுவைவிடச் சின்னதான கியூலிகாய்ட்ஸ் பூச்சி கடிப்பதால் வரும் ஒவ்வாமை என்றார். அதன் எச்சில்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம். விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் கடி அதிகம். அந்த நேரத்தில் கொட்டகைக்குள் கட்டி ஃபேன் போடுகிறோம், காற்றடித்தால் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது. கொஞ்சம் பலன் தெரிகிறது, கரண்ட் போகாதவரை.

சிக்கல் அவள் தோல்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் பேச்சைக் கேட்டு வேப்பெண்ணெயை அப்படியே தடவினேன். மறுநாள் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. (என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.) ஸ்டீராய்டு ஊசி போட்டால் குளம்பில் வீக்கம் வர வாய்ப்புண்டு என்பதால் டாக்டரும் யோசிக்கிறார்.

சாதாரண கொசுவலைக்குள் இந்தப் பூச்சி நுழைந்துவிடும். உடம்பு முழுக்கப் போர்த்தும் நெருக்கமான வலைத்துணி சென்னையில் எங்கே கிடைக்கும்? இல்லை, தைத்துத் தருபவர் உண்டா? நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டால் வியர்த்துப் புண் பெரிதாகுமா? எரியாத பூச்சிவிரட்டி ஏதாவது பயன்படுத்தியவர்கள், எவ்வளவு தண்ணீர் கலந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.