ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார்: அழித்தாலும் திரும்பி வரும் எச்சரிக்கைகள், எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி

ஆறு வருடப் பழைய வண்டி. பேட்டரியில் ஓடும், சார்ஜ் குறைந்தால் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்ற பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும். மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் டிஸ்ப்ளேயில் வரிசையாக வருகிறது: டிரைவ் சிஸ்டம் கோளாறு, ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் இயங்காது, பிரேக் கோளாறு. பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் பாதி மறைந்துவிடுகிறது. ஸ்கேனரில் யு0100, கூடவே நாலைந்து யு குறியீடுகள், பி0456, பி0ஏஏ6. அழித்தால் ஒரு வாரத்தில் எல்லாம் மறுபடி வருகின்றன. வண்டியை ஓட்டும் பெரிய உயர் வோல்டேஜ் பேட்டரி போய்விட்டதா? 12 வோல்ட் பேட்டரி இதுவரை மாற்றவில்லை.

பதில் 1

முதலில் அழிப்பதை நிறுத்துங்கள். குறியீட்டோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். பழுது வந்த நொடியில் வோல்டேஜ், வெப்பநிலை, வேகம் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது ஒரு பழுது அல்ல, மூன்று. மாட்யூல்கள் (வண்டியின் சிறு கணினிகள்) ஒன்றோடொன்று பேசவில்லை என்று சொல்லும் யு குறியீடுகள் ஒரு கூட்டம், பி0456 தனி, பி0ஏஏ6 தனி.

யு கூட்டத்துக்கு 12 வோல்ட் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், காதிலேயே தெரியும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றுவதே உயர் வோல்டேஜ் ஜெனரேட்டர்தான். அதனால் அந்த முன்னறிவிப்பு கிடையாது. வண்டி விழிக்கும்போது எல்லா மாட்யூலும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் சரியும், நலிந்த மாட்யூல்கள் பேச்சை நிறுத்தும். மற்றவை உடனே 'தொடர்பு இல்லை' என்று எழுதிக்கொள்ளும்.

12 வோல்ட் பேட்டரி இருக்கும் பானட்டையோ டிக்கியையோ இரவே திறந்து வைத்து, வண்டியைப் பூட்டி, காலையில் எதையும் எழுப்பாமல் பேட்டரி முனையிலேயே அளவெடுங்கள். ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறிய வகை) பேட்டரி என்றால் 12.8 வோல்ட் நல்லது, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் தேவை. பிறகு ரெடி நிலையில் (ஓட்டத் தயார் என்று டிஸ்ப்ளே காட்டும்போது) பாருங்கள். 13.5 முதல் 14.8 வரை வந்தால், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வர்ட்டர் வேலை செய்கிறது.

கேள்வி கேட்டவர்

காலையில் 11.9. ரெடி நிலையில் 14.2.

பதில் 1

கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது. பேட்டரி செத்ததா, வண்டியில் ஏதாவது கரண்டை உறிஞ்சுகிறதா என்பதைப் பிரித்தாக வேண்டும். ஏஜிஎம் சார்ஜரில் முழுதாக ஏற்றி, நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒரு நாள் விடுங்கள். கழற்றிய நிலையிலும் 12.4-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான். கழற்றினால் நிற்கிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால் கரண்ட் கசிவு. டிக்கி மின் பூட்டு என்றால் கழற்றிய பிறகு மூடிவிடாதீர்கள், திறக்க வழியிருக்காது.

கசிவுக்கு முதல் குற்றவாளி, செருகியே விட்ட ஓபிடி டாங்கிள் (ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி). மாட்யூல்களைத் தூங்கவே விடாது. வண்டி நன்றாகத் தூங்கியபின் பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், அதுவே மாட்யூலை எழுப்பிவிடும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். சுழி காட்டாத ஃபியூஸ் வழியாகக் கரண்ட் போகிறது. எர்த் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். வளையத்துக்கு அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள்.

பதில் 2

பி0456 என்பது பெட்ரோல் ஆவி சிறு கசிவு, சுமார் அரை மி.மீ. ஓட்டை அளவு. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் லேசாக வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் வளைத்தால்தான் தெரியும். வளையம் நன்றாக இருந்தால் அடுத்தது பர்ஜ் வால்வு (ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு), பிறகு புகை டெஸ்ட் (புகை செலுத்திக் கசிவைத் தேடுவது). கசிவுச் சோதனை பல வண்டிகளில் டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதம் வரை இருக்கும்போதுதான் ஓடும். மூடி மாற்றிய அன்றே, விளக்கு வரவில்லை, சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பி0ஏஏ6-ஐ மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உயர் வோல்டேஜ் பக்கத்துக்கும் பாடிக்கும் இடையே இன்சுலேஷன் குறைகிறது என்பது அதன் பொருள். அது பதிவானபோது என்ன ஓடியது? ஏசி, ஹீட்டர், சார்ஜிங்?

கேள்வி கேட்டவர்

ஏசி. இரண்டு முறையும் ஏசி போட்ட சில நிமிடத்தில். இரண்டு மாதம் முன்பு ஏசி கேஸ் நிரப்பினோம்.

பதில் 2

அங்கேதான் தேட வேண்டும். மின் கம்ப்ரஸரில் மோட்டார் சுருள் கேஸும் எண்ணெயும் ஓடும் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய்தான் பெரும்பாலும் போடுவார்கள். பெல்ட் கம்ப்ரஸருக்கான பிஏஜி எண்ணெய் கலந்தால் இன்சுலேஷன் விழும். நிரப்பும் மெஷினின் ஹோஸில் முந்தைய வண்டியின் எண்ணெய் தங்கியிருந்தாலே சிக்கல் வரலாம். எந்த எண்ணெய் போட்டார்கள் என்று கேளுங்கள். அதுவரை ஏசி போடாதீர்கள்.

உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிளில் நீங்கள் கை வைக்க வேண்டாம், சாதாரண மல்டிமீட்டரும் இதற்கு ஆகாது. உயர் வோல்டேஜ் பயிற்சி பெற்றவர் சர்வீஸ் டிஸ்கனெக்டை (உயர் வோல்டேஜைத் துண்டிக்கும் இணைப்பு) கழற்றி, கெபாசிட்டர் இறங்கக் காத்திருந்து, வோல்டேஜ் சுழி என்று உறுதி செய்தபின் இன்சுலேஷன் டெஸ்டரால் கம்ப்ரஸரை மட்டும் தனியாகப் பிரித்து அளக்க வேண்டும். டிசி சுற்றுக்குக் கீழ் வரம்பு வோல்ட்டுக்கு 100 ஓம். 350 வோல்ட் பேக் என்றால் 35 கிலோ ஓம். நல்ல கம்ப்ரஸர் மெகா ஓம் கணக்கில் காட்டும். திரவக் கேஸ் உள்ளே தேங்கியிருந்தாலும் அளவு குறைந்து காட்டும் என்பதை அளப்பவரிடம் சொல்லிவையுங்கள், அவசரப்பட்டு கம்ப்ரஸரை மாற்றிவிடக் கூடாது. எண்ணெய் கலந்தது உறுதியானால் கம்ப்ரஸரோடு நிற்காது. லைன், கண்டென்ஸர், டிரையர் வரை போயிருக்கும்.

கேள்வி கேட்டவர்

கழற்றி வைத்த பேட்டரி மறுநாள் 12.1. டாங்கிளையும் எடுத்துவிட்டேன். புதுப் பேட்டரி போட்டபின் நான்கு நாள் நிறுத்தி எடுத்தேன், யு குறியீடு ஒன்றுகூட இல்லை. மூடி வளையத்தில் வெடிப்பு இருந்தது, மாற்றியாகிவிட்டது. ஏசி நிறுத்தியே ஓட்டுகிறேன், பி0ஏஏ6 வரவில்லை.

பதில் 2

வரவில்லை என்று பி0ஏஏ6 பதிவை அழித்துவிடாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமோடு பிரிண்ட் எடுத்து, கேஸ் நிரப்பிய ரசீதையும் சேர்த்து, கம்ப்ரஸரை அளப்பவர் கையில் கொடுங்கள்.