புதுப்பிப்பு: டிபீவரில் எஸ்க்யூஎல் சர்வர் இணைப்புப் பிழை சரியாகிவிட்டது

டிபீவர் (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் மென்பொருள்) எங்கள் எஸ்க்யூஎல் சர்வருடன் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) இணையவில்லை என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பிரச்சினை இதுதான். கடலூர் முதுநகரில் எங்கள் மீன் கிடங்கு அலுவலகம். கரண்ட் போய் வந்த மறுநாள் காலை, பக்கத்து மேசைக் கணினியின் டிபீவரில் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' (நேரம் கடந்தும் இணைப்பு கிடைக்கவில்லை) என்ற பிழை. சர்வர் கணினியில் மட்டும் எஸ்எஸ்எம்எஸ் (எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) ஒழுங்காகத் திறந்தது.

வேலை செய்தது, போர்ட்டை (சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்) நிலையாக வைக்கச் சொன்ன நண்பரின் யோசனை. எங்களுடையது எக்ஸ்பிரஸ் பதிப்பு, பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயர் கொடுத்து நிறுவிய சர்வர்). அதற்கு டைனமிக் (தானாக ஒதுக்கப்படும்) போர்ட்தான் இயல்பு. சர்வீஸ் மறுபடி தொடங்கும்போது எண் மாறக்கூடும். டிபீவரில் பழைய எண்ணே கிடந்தது. எஸ்க்யூஎல் சர்வரின் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபி, 'ஐபி ஆல்' பகுதிக்குப் போய், 'டிசிபி டைனமிக் போர்ட்ஸ்' கட்டத்தைக் காலியாக்கினேன். அங்கே 0 இருந்தாலும் அழிக்க வேண்டும், 0 என்றால் டைனமிக் என்றுதான் பொருள். கீழே 'டிசிபி போர்ட்'டில் 1433. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) 1433-ஐத் திறந்தேன். டிபீவரிலும் அதே எண்.

அப்புறமும் இணையவில்லை! எதிர்பாராத விஷயம் இங்கேதான். புது ரவுட்டர் மாட்டியதில் விண்டோஸ் நெட்வொர்க்கை 'பப்ளிக்' ஆக்கியிருந்தது. என் ஃபயர்வால் விதியோ 'பிரைவேட்'டுக்கு மட்டும். நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக மாற்றியதும் உடனே இணைந்தது.

இன்னொன்று: அதே கணினியில் எஸ்எஸ்எம்எஸ் இணைவதை நம்பி நான் இரண்டு நாள் வீணாக்கினேன். அது ஷேர்டு மெமரி (அதே கணினியின் நினைவகம்) வழியாகப் போகும், போர்ட்டையே தொடாது.