திஸ்கியும் யூனிகோடும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கரிசல்காடு:
2005. அப்பா இறந்த மறுவாரம் அவருடைய குறுந்தகட்டைத் திறந்தேன். முப்பது பக்கக் குடும்பக் கதை, எல்லாம் திஸ்கி: கணினியில் தமிழ் எழுத அன்றிருந்த ஒரு குறியாக்க முறை. என் கணினியிலோ எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு மட்டும். திரையில் முதல் சொல்: முக்கால் என்ற பின்னம், தலையில் கோடிட்ட ஆங்கில ஏ, சென்ட் நாணயக் குறி, கோடிட்ட யு. எழுத்துருவை நிறுவிய பிறகுதான் அது ‘தமிழ்’ என்று தெரிந்தது. இன்றும் அந்த முக்காலைக் கண்டால் ‘த’ என்றே படிக்கிறேன்.

ஒற்றைக்கொம்பு:
ஒரு சிற்றிதழின் பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றினேன். ‘கௌரவம்’ என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை. கண்ணெதிரே இருக்கிறது, வரவில்லை! எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொம்பு, க, அதன் பின்னால் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ‘ள’ என்ற எழுத்து. பார்வைக்கு ஒன்றுதானே என்று தட்டிவிட்டிருக்கிறார்கள்.

பழைய பதிவர்:
இருவரும் திஸ்கியைப் பழிக்கிறீர்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆண்டுக்கணக்கில் நூல்களைத் தந்தது திஸ்கியில்தான். அன்றைய கணினிகளில் யூனிகோடுத் தமிழ் பாதி நேரம் உடைந்தே தெரியும்; கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். திஸ்கிக்கு ஓர் எழுத்துரு போதும். கூத்தடித்தவை செய்தித் தளங்கள்: ஆளுக்கொரு எழுத்துரு. 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை அரசு தரப்படுத்தியும் எல்லாரும் ஒரு வழிக்கு வரவில்லை. வலைப்பதிவர்கள் எப்போதோ யூனிகோடுக்குத் தாவிவிட்டோம். அதை ஏற்கும் அரசாணை வந்தது 2010 ஜூனில்!

மாவடு:
அம்மாவின் ஊறுகாய்க் குறிப்பைப் பாமினி (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு) என்று நினைத்து மாற்றினேன். குப்பை வந்தது. அது டாப்.
யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மூலக் கோப்பைத் தொடாமல் நகலெடுத்து வேலை செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். கொ, கௌ, ஸ்ரீ மூன்றும் இருக்கும் வரியாக இருந்தால் நல்லது. பழைய கோப்பைச் சொற்செயலியில் திறந்தால் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் அது வேறொரு தமிழ் எழுத்து. மேற்கோள் குறியை வளைத்தாலும் அதே கதிதான். சேமித்துவிட்டால் எது மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கரிசல்காடு:
ஒற்றைக்கொம்பு சொன்னதைப் படித்ததும் அப்பாவின் கோப்பில் ‘கௌரி’ அத்தையைத் தேடினேன். இல்லை. ‘ள’ போட்டுத் தேடினேன். ஒன்பது இடங்களில் இருக்கிறாள். திருத்த மனம் வரவில்லை.