நிழல் இல்லா நாளில் நிழலைக் காட்டாமல் விட்டேன்: ஆகஸ்டுக்கு யோசனை சொல்லுங்கள்

மொட்டைமாடிக்காரன்:

தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் கேபிள் இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வானியல் படித்ததெல்லாம் நூலகத்து இரவல் புத்தகங்களில்தான். கடந்த ஏப்ரல் 24 அன்று, பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மாடியில் நிழல் இல்லா நேரத்தைக் காட்டுவதாக அறிவித்தேன். 26 பேர் வந்தார்கள். மோர் உண்டு என்று சொல்லியிருந்ததும் ஒரு காரணம்.

ஒரு மீட்டர் பிவிசி குழாயைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தினேன். 11.40க்குப் பேசத் தொடங்கினேன். பூமியின் இருபத்து மூன்றரை டிகிரி சாய்வு, கடகரேகை, மகரரேகை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது, டெல்லிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாதது... சொல்லச் சொல்ல எனக்கு வேகம் ஏறிவிட்டது. கையை ஆட்டி, குரலை உயர்த்தி, கிட்டத்தட்ட கதாகாலட்சேபம். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூலையில் நின்ற எங்கள் காவலாளிதான் சொன்னார்: “சார், குழாய்க்கு நிழல் இருக்கிறதே.” மணி 12.15. நிழல் 12.07க்கே மறைந்துவிட்டு, மறுபடி கிழக்குப் பக்கம் இரண்டு விரல் அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரே இன்னொன்றும் கேட்டார்: “எங்கள் விழுப்புரத்திலும் இன்றைக்குத்தானா சார்?” கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று மழுப்பிவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டேன்.

“சூரியனைக் காட்டக் கூப்பிட்டீர்களா, உங்களைக் காட்டவா?” என்று வீட்டில் கேட்டார்கள். அது இன்னும் குத்துகிறது. ஆகஸ்ட் 18 அன்று சென்னைக்கு மறுவாய்ப்பு வருகிறது. என் ஆவேசத்தை அடக்கிக்கொண்டு பேச வேண்டுமா? அடக்கினால் எனக்குப் பேச்சே வராது.

திருவொற்றியூர் டீச்சர்:

அடக்க வேண்டாம் ஐயா, இடம் மாற்றி வையுங்கள். 12 மணியிலிருந்து 12.15 வரை வாயைத் திறக்காதீர்கள். ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைத் தரையில் குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இதைச் செய்தபோது, கடைசி வரிசைப் பையன்கள்தான் “குறிக்க ஒன்றுமே இல்லை டீச்சர்” என்று முதலில் கத்தினார்கள்.

காவலாளி கேட்டாரே, அதிலிருந்து தொடங்கியிருக்கலாம். ஏப்ரல் 10ஐ ஒட்டிக் கன்னியாகுமரியில் நிழல் மறைகிறது. அங்கிருந்து, நிழல் மறையும் அந்தக் கோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வடக்கே நகர்கிறது. நல்ல கால் உள்ளவர் பாதயாத்திரையில் ஒரு நாளில் கடக்கும் தூரம்தான்! விழுப்புரத்தைத் தாண்டி மூன்று நான்கு நாளில் சென்னைக்கு வந்துவிடுகிறது. கடகரேகையை இதற்குப் பிறகு சொன்னால் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ரசமட்டம்:

எனக்கு இந்த வேடிக்கை காட்டுவதில் முழுச் சம்மதம் இல்லை. நிழல் மறைந்தது, கைதட்டினார்கள், மோர் குடித்தார்கள், பிறகு? ஒரு கணக்காவது கையோடு போக வேண்டும்.

மதுரையில் உறவினர் இருந்தால் அதே நாளில் அங்கேயும் ஒரு மீட்டர் குழாயை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே உச்சிவேளை எட்டு ஒன்பது நிமிடம் தாமதம். அப்போது நிழல் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர், அதுவும் தெற்குப் பக்கம் விழும். கோணம் மூன்று டிகிரிக்குச் சற்று மேல். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக சுமார் 350 கிலோமீட்டர். அந்தக் கோணத்துக்கு இவ்வளவு தூரம் என்றால் முழு வட்டமான 360 டிகிரிக்கு எவ்வளவு என்று விகிதக் கணக்குப் போட்டால் போதும், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்ததும் இதுதான்.

நுங்கம்பாக்கம் வாசி:

கணக்கோ கதையோ, மக்களிடம் பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1874இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்துபோன வெள்ளி இடைநகர்வுக்கு முன்பே, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை விளக்கி ஒரு சிறுநூல் எழுதினார். உரையாடல் வடிவத்தில்! ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளிலும் வெளியிட்டார். கேள்வி கேட்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. உங்களுக்கு அந்த ஆள் மாடியிலேயே இருந்தார்.

மொட்டைமாடிக்காரன்:

டீச்சரம்மா சொன்னபடி சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கிவிட்டேன். ரசமட்டம் அவர்களே, மதுரையில் என் மைத்துனர் இருக்கிறார். குழாய் வாங்கப் பணம் அனுப்பச் சொல்கிறார், கஞ்சன்.

நேற்று இரவு காவலாளியிடம் மழுப்பாமல் பதில் சொன்னேன். ஆகஸ்டில் சூரியன் தெற்கே திரும்பி வருவதால், சென்னைக்குப் பிறகுதான் விழுப்புரம்: 21 அல்லது 22. கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படியென்றால் 18 இங்கே பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் காட்டலாமே” என்றவர், நான்கு நாள் விடுப்பு வேண்டும் என்று அங்கேயே செயலாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். என் தூக்குக்குண்டையும் இரவலாகக் கேட்டிருக்கிறார்.