வெனிஸ் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு: பேருந்தா, படகா? சென்று வந்தவர்களின் அனுபவங்கள்

பெற்றோருடன் சென்றவர், கோயம்புத்தூர்

வெனிஸுக்குப் போகும் நம்மவர்களில் பலர் விமானச் சீட்டையும் விடுதியையும் மாதக்கணக்கில் அலசிப் பதிவு செய்துவிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட 13 கிலோமீட்டரை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வேறு ஊராக இருந்தால் அதில் தவறில்லை. முகவரியைக் காட்டினால் டாக்சிக்காரர் வாசலில் இறக்கிவிடுவார். வெனிஸிலோ, 1933இல் திறந்த நீண்ட பாலத்தின் வழியாக நிலப்பகுதியிலிருந்து வரும் சாலை, பியாட்சாலே ரோமா என்ற திடலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கார் கிடையாது, மிதிவண்டி ஓட்டவும் அனுமதி கிடையாது. மிச்சமிருப்பவை படகும் நம் கால்களும்தான்.

மார்கோ போலோ விமான நிலையம் தெஸ்ஸெரா என்ற இடத்தில், உப்பங்கழியின் கரையை ஒட்டி இருக்கிறது. (தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே மார்கோ போலோதான், பெயர்ப்பலகையைக் கண்டதும் அப்பாவுக்கு ஏக மகிழ்ச்சி.) வெளியே வந்ததும் மூன்று வழிகள். பியாட்சாலே ரோமாவுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் போய்விடும் பேருந்து ஒன்று. உப்பங்கழியைக் கடந்து நகரின் பல துறைகளில் நின்று செல்லும் அலிலகூனா படகு இன்னொன்று. விடுதி வரைக்கும் தனியாகக் கொண்டுபோய்விடும் வாடகைப் படகு மூன்றாவது. நாங்கள் சென்ற 2023இல் பேருந்துக்கு ஆளுக்கு 10 யூரோ, அலிலகூனாவுக்கு 15 யூரோ. இதைப் பார்த்தவுடன் எவரும் பேருந்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

கணக்கு அங்கே முடிவதில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் விடுதி நகரின் வடகரையில், கன்னரேஜோ பகுதியில், மடோன்னா தெல்லோர்தோ தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பேருந்தில் போயிருந்தால் பியாட்சாலே ரோமாவில் இறங்கி, அங்கிருந்து வாப்பரெட்டோ எனப்படும் நகரப் படகில் ஏற வேண்டும். 75 நிமிடங்களுக்குச் செல்லும் அதன் ஒற்றைச் சீட்டு 9.50 யூரோ. இரண்டையும் கூட்டினால் 19.50 யூரோ ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து விற்கும் கூட்டுச் சீட்டு எடுத்தாலும் 15 யூரோவுக்குள் வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அலிலகூனாவின் ஆரஞ்சுத் தடமோ அரை மணி நேரத்தில் எங்களை மடோன்னா தெல்லோர்தோ துறையிலேயே இறக்கிவிட்டது. அந்தக் கட்டணத்தில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும் அடக்கம்.

பணத்தைவிடவும் பாலங்கள் முக்கியம். நகரில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஏறி இறங்க வேண்டிய படிக்கட்டுப் பாலங்கள். சக்கரம் வைத்த பெட்டி தரையில் தானாக உருளும், படியில் நாம்தான் தூக்க வேண்டும். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அப்பாவையும், பருப்புப்பொடியும் ஊறுகாயும் அடைத்த அம்மாவின் பெட்டியையும் ஒருசேர வைத்து யோசித்தபோது, எந்தத் துறையிலிருந்து விடுதி வாசல் வரை பாலங்கள் குறைவோ அந்தத் துறைக்குப் போகும் வண்டியே நமக்குரிய வண்டி என்று முடிவு செய்தோம். ஆகவே விடுதிக்கு மின்னஞ்சல் எழுதி இரண்டு விவரங்கள் கேட்டோம்: பக்கத்திலுள்ள துறையின் பெயர் என்ன, அங்கிருந்து வாசலுக்கு எத்தனை பாலங்கள். விடுதிக்காரர்களுக்கு இது பழக்கமான கேள்விதான். உடனே பதில் வந்தது.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெனிஸில் கதவு எண்கள் தெருவாரியாக இல்லை. நகரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையாக எண் ஓடி, ஆயிரக்கணக்கில் போகிறது. பகுதியின் பெயரும் எண்ணும் மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். சந்தின் பெயரைக் கேட்டு வாங்கி, வரைபடத்தில் புள்ளியைச் சேமித்துக்கொண்டு கிளம்புங்கள்.

தனியாகச் சென்றவர், சென்னை

மேலே எழுதிய நண்பரின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கு எனக்குப் பேருந்தைத்தான் காட்டியது. என் விடுதி சாந்தா குரோச்சே பகுதியில், பியாட்சாலே ரோமாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. முதுகுப்பை ஒன்றைத் தவிர வேறு சுமையில்லை. பேருந்தை விட்டு இறங்கிப் பத்து நிமிடங்களில் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரயில் நிலையத்தை ஒட்டித் தங்குகிறவர்களுக்கும் பேருந்தே போதுமானது. ஆனால் திடலையும் நிலையத்தையும் இணைக்கும், கட்டடக்கலைஞர் கலாத்ராவா வடிவமைத்த புதுப்பாலத்தில் படிகள் ஏராளம், அதன் கண்ணாடிப் படிகளில் மழை நாளில் பலர் வழுக்கி விழுந்ததால் அவற்றை மாற்றிக் கல் பதிக்க வேண்டியதாயிற்று. கனமான பெட்டி இருந்தால் அந்த ஒரு பாலமே களைப்பாக்கிவிடும்.

இன்னொன்று. இங்கே சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. ஏறுவதற்கு முன் அதை இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும். பதியாத சீட்டோடு பரிசோதகரிடம் மாட்டினால், வெளியூர்க்காரர் என்று தயவு காட்டமாட்டார். அபராதம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டு குடும்பமாகச் சென்றவர், பெங்களூரு

வாடகைப் படகு என்றாலே பணக்காரர்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. நாங்கள் சென்றபோது விமான நிலையத்திலிருந்து நகருக்கு 120 யூரோவுக்குக் குறைவாக எவரும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டணம் படகுக்கு, ஆளுக்கு அல்ல. நான்கு பெரியவர்கள் பகிர்ந்துகொண்டதில் ஆளுக்கு ஏறக்குறைய 30 யூரோ. பேருந்து, வாப்பரெட்டோ இரண்டும் சேர்ந்த செலவைவிடப் பத்துப் பதினைந்து யூரோதான் கூடுதல். அதற்குக் கிடைப்பது, முனையத்திலிருந்து துறைக்குக் கூரையிட்ட நடைபாதையில் நடக்கும் ஏழெட்டு நிமிடத்துக்குப் பிறகு பெட்டியைத் தொடவே வேண்டாத வசதி. ஆள் கூடினாலோ பெட்டி கூடினாலோ, இரவு நேரமானாலோ கூடுதல் கட்டணம் கேட்பார்கள். மொத்தத் தொகை எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

பயணத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. உப்பங்கழி பார்ப்பதற்குக் கடல்போல் விரிந்திருந்தாலும் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இல்லை. படகுகள் செல்லும் ஆழமான தடங்களை மூன்று மூன்றாகக் கட்டி நட்ட மரக்கம்பங்கள் காட்டுகின்றன. அவற்றுக்கிடையில் எங்கள் படகு சீறிக்கொண்டு போயிற்று. முரானோத் தீவைத் தாண்டி நகருக்குள் நுழைந்ததும் வேகத்தை முற்றிலும் குறைத்துக்கொண்டு, இரு கரைச் சுவர்களையும் கை நீட்டித் தொட்டுவிடலாம் போன்ற கால்வாய்களில் ஊர்ந்தது. பச்சைக் காய்கறிக் கூடைகளை ஏற்றிய சரக்குப் படகுக்கு வழிவிட்டு ஓரிடத்தில் நின்றோம். குழந்தைகளுக்கு வெனிஸில் மிகவும் பிடித்தது இந்த அரை மணி நேரம்தான். பிறகு பார்த்த அரண்மனையெல்லாம் அதற்கு அடுத்தபடி.

ஆனால் எல்லா விடுதிக்கும் நீர்வாசல் இருப்பதில்லை. இருந்தாலும், நீர் மிகவும் தாழ்ந்திருக்கும்போது படகைப் படியோடு அணைக்க முடியாது. மிகவும் ஏறியிருக்கும்போது தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. அப்போது ஓட்டுநர் பக்கத்துத் துறையில்தான் இறக்கிவிடுவார். "வாசல்வரை" என்பதை நம்பி அவ்வளவு பணம் கொடுப்பவர்கள் இதையும் விடுதியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அம்மாவுடன் செல்லவிருப்பவர், திருச்சி

என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். விடுதி சான் மார்கோ துறைக்கு அருகில், பாலமே குறுக்கிடாத இடத்தில் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு எந்த வழி ஒத்துவரும்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதுவாவில் வசிப்பவர்

திருச்சி அன்பரே, நீங்கள் பேருந்தையும் ஒன்றாம் எண் வாப்பரெட்டோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அலிலகூனாப் படகுகளில் அறைக்குள் இறங்கப் படிகள் உண்டு. சக்கர நாற்காலியோடு அது சிரமம். வாடகைப் படகுகளும் பெரும்பாலும் அப்படித்தான். வாப்பரெட்டோவோ அகலமான, சமதளமான மேற்பரப்புடையது. துறையும் மிதக்கும் மேடையாக இருப்பதால் நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகோடு சேர்ந்தே உயரும், தாழும். பணியாளர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். பெருங்கால்வாய் நெடுகிலும் நின்று நின்று போவதால் சான் மார்கோ சேர 40 நிமிடமாவது ஆகும். அவசரமில்லையென்றால் அதுவே ஒரு சுற்றுலா. மாநகராட்சி, படிகளைத் தவிர்த்துச் செல்லும் வழிகளை வரைபடமாகவே வெளியிட்டிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான் மார்கோ பக்கம் தங்கும் மற்றவர்களுக்கும் ஒரு தகவல். அலிலகூனாவின் நீலத் தடம் அங்கே போகிறது என்பதற்காக மட்டும் அதில் ஏறிவிடாதீர்கள். முரானோ, ஃபொந்தமெந்தே நோவே, லிடோ என்று சுற்றிக்கொண்டு போவதால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு, சன்னல் தாழ்வாக இருக்கும் அந்த அறைக்குள் அவ்வளவு நேரம் குலுங்கிக்கொண்டிருப்பது கடினம். ஃபொந்தமெந்தே நோவேயில் இறங்குகிறவர்களுக்கு அதே தடம் மிகவும் பொருத்தமானது. முக்கால் மணிக்குள் போய்விடலாம்.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் நீர்மட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2019 நவம்பர் 12 இரவு நீர் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. 1966க்குப் பிறகு அதுதான் மிக அதிகம். 2020 அக்டோபரிலிருந்து மோசே தடுப்புக் கதவுகள் உப்பங்கழியின் மூன்று வாய்களையும் அடைத்துக் காப்பதால் அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் கதவுகளை எழுப்பும் அளவுக்கு ஏறாத நீரிலேயே சில தடங்கள் மாறிவிடும், தாழ்ந்த திடல்களில் கணுக்கால் நனையும். மூடுபனி நாட்களில் படகுகள் தாமதமாவதும் உண்டு. அப்போதெல்லாம் பேருந்தே நிச்சயமான வழி.

வேலைநிறுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவது. குறிப்பிட்ட நேரங்களில் குறைந்தபட்சச் சேவை நடந்தே தீர வேண்டும் என்பது சட்டம். வரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாணவர், முனிச்

மலிவு விலை விமானத்தில் வருகிறவர்கள் சீட்டில் "வெனிஸ்" என்று இருந்தாலும் இறங்குவது த்ரெவீசோ என்ற வேறொரு விமான நிலையத்திலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து நகருக்குப் படகே கிடையாது. நேரடிப் பேருந்து நெரிசலைப் பொறுத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். அல்லது உள்ளூர்ப் பேருந்தில் த்ரெவீசோ ரயில் நிலையம் சென்று, வெனிஸின் சாந்தா லூச்சியா நிலையம் வரை ரயிலில் வரலாம். நான் இரண்டாவது வழியில் வந்தேன். நிலையத்தின் வாசற்படியில் இறங்கினால் எதிரிலேயே பெருங்கால்வாயும் சான் சிமெயோனே தேவாலயத்தின் பச்சைக் குவிமாடமும் நிற்கின்றன. ஊருக்குள் நுழைய இதைவிட அழகான வாசல் இல்லை என்பது என் கருத்து.

செலவைக் குறைக்க, பாலத்துக்கு அப்பால் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் தங்குகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து நேராக மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கே பேருந்தில் போய்விடலாம். வெனிஸுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள்தான். டிராமும் பியாட்சாலே ரோமா வரை ஓடுகிறது. இரவில் உயிருள்ள வெனிஸைக் காண முடியாது என்ற குறை மட்டும் இருக்கும்.

பெற்றோருடன் சென்றவர், கோயம்புத்தூர்

திருச்சி அன்பரின் கேள்வியும் பதுவா நண்பரின் விளக்கமும் நான் எழுதாமல் விட்டதை நிறைவு செய்துவிட்டன. திரும்பும் பயணத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வரும்போது பொருத்தமாக இருந்த வழியே திரும்பும்போதும் பொருத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதிகாலை விமானமாக இருந்தால் முதல் படகு புறப்படும் நேரம் ஒத்துவராமல் போகலாம். பேருந்து அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். படகில் போகிறவர்கள், தெஸ்ஸெராத் துறையிலிருந்து முனையத்துக்கு நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்களுக்கு மதிய விமானம். அப்பா வாப்பரெட்டோவில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதால் அன்று பேருந்து வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஏற்கெனவே எடுத்திருந்த மூன்று நாள் சீட்டின் நேரம் மிச்சமிருந்ததால் படகுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விமான நிலையப் பேருந்து அந்தச் சீட்டில் தானாக அடங்காது. எடுக்கும்போதே கூடுதல் தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காதவர்கள் பியாட்சாலே ரோமாவிலேயே தனிச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.