வெண்ணெய் உருண்டைப் படம்: இடப்பக்கம் கனக்கிறதா, கனக்கத்தான் வேண்டுமா?

செங்கைக்காரன்:
மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று எல்லோரும் அழைக்கும் வான் இறைக் கல்லைச் சென்ற ஞாயிறன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பாறை சட்டகத்தின் இடப்பக்கத்தில் பாதிக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சரிவு இடமிருந்து வலமாக இறங்குகிறது. வலப்பக்கம் முழுவதும் வெளிறிய வானம். வலது கீழ்மூலையில் பஞ்சுமிட்டாய் விற்பவர் ஒருவர், கழியில் கட்டிய இளஞ்சிவப்புப் பொட்டலங்களோடு, விரல் நகம் அளவுக்குத் தெரிகிறார். எங்கள் வட்டாரப் புகைப்படக் குழுவில் இதைக் காட்டியபோது, ஒருவர் இடப்பக்கம் கனத்துப் படம் சாய்ந்துவிட்டது என்றார். இன்னொருவர் பஞ்சுமிட்டாய்க்காரர் கண்ணை இழுக்கிறார், வெட்டிவிடுங்கள் என்றார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை வெட்டினால் வலப்பக்கம் இன்னும் காலியாகிவிடாதா?

இருட்டறை:
உங்கள் ஐயம் நியாயமானது. அவரை வெட்டக் கூடாது. காட்சி எடை என்பது பரப்பளவை மட்டும் பொறுத்தது அன்று. கருமை, அண்டைப் பரப்போடு உள்ள மாறுபாடு, நிறத்தின் அடர்த்தி, தனித்து நிற்றல், மனித உருவம், மையத்திலிருந்து உள்ள தொலைவு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் கண் ஒரு பொருளுக்கு எடை கொடுக்கிறது. இரு தட்டும் சம தூரத்தில் தொங்கும் தராசை நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் உங்கள் குழுவினர் படம் சாய்ந்துவிட்டது என்கிறார்கள். பழைய சந்தைகளில் புழங்கிய வெள்ளிக்கோலை நினைத்துப் பாருங்கள்: ஒரு கை குறுகியது, மறு கை நீண்டது, குறுகிய கையில் தொங்கும் மூட்டையை நீண்ட கையின் நுனியில் இருக்கும் சிறு குண்டு தாங்கிவிடும். ஓவியம் கற்பித்தவர்கள் நூறாண்டுக்கு முன்பே இந்தக் கோலைத்தான் உதாரணம் காட்டினார்கள். உங்கள் பாறை மூட்டை. பஞ்சுமிட்டாய் அந்தக் குண்டு. வெளிறிய வானத்தின் ஓரத்தில், படத்திலேயே அடர்ந்த ஒரே நிறமாக அது இருப்பதால் அதன் அளவு பொருட்டே அல்ல.

கணக்கு வாத்தியார்:
இருட்டறை ஐயாவின் அனுபவத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. பெரிய பொருளுக்கு எதிரே சிறிய பொருள் இருந்தால் தூரம் சமன் செய்தது என்பீர்கள். எதிரே எதுவுமே இல்லாவிட்டால் வெற்றிடமே சமன் செய்தது என்பீர்கள். படம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் சமநிலை கெட்டது என்பீர்கள். எந்தப் படம் வந்தாலும் தோற்காத கொள்கை, எதையும் சொல்லாத கொள்கை. உளவியலாளர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம், நல்ல ஆக்கத்தின் எடை மையம் சட்டகத்தின் மையத்திலோ முக்கிய அச்சுகளிலோ அமையும் என்று கருதினார். 2011இல் லண்டனில் கிறிஸ் மக்மேனஸ் குழுவினர் கலைப் புகைப்படங்களின் கருமை வெண்மையை எடுத்துக்கொண்டு நிறை மையத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. அளந்து பார்த்தால் இல்லாத ஒன்றை நாம் ஏன் எடை என்று அழைக்கிறோம்? எனக்குப் பாறை பிடித்திருக்கிறது, பஞ்சுமிட்டாய் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

நிழலி:
நான் இரண்டு பேரோடும் உடன்படவில்லை. இருட்டறை ஐயா படத்தைச் சமன் செய்துவிட்டதாக மகிழ்கிறார்; சமன் செய்யலாமா என்பதல்லவா முதல் கேள்வி? சுமார் 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தக் கல் உண்மையில் அசையாமல் நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் யானைகளைக் கட்டி இழுத்தும் நகரவில்லை என்று அங்கே கதை சொல்வார்கள். ஆனாலும் பார்க்கிறவருக்கு அது இதோ உருளப்போகிறது என்று தோன்றுகிறது. உடலின் சமநிலைக்கும் கண்ணின் சமநிலைக்கும் இடையில் இருக்கும் அந்த முரண்தான் அந்த இடத்தின் முழு வசீகரமும். அதே கல்லைப் பின்பக்கம் போய்ப் பாருங்கள், உருண்டையைப் பாதியாக அறுத்துவைத்தது போல இருக்கும். அங்கிருந்து எடுத்த படங்கள் எல்லாம் சாதுவாக உட்கார்ந்துவிடுகின்றன, யாரும் பகிர்வதில்லை. ஆகவே இடப்பக்கம் கனப்பது குறை அன்று. கனத்துக்கொண்டே இருக்கட்டும். பஞ்சுமிட்டாயை எதிர்த்தட்டில் வைத்த கணத்தில் அச்சம் போய்விடுகிறது, எனவே வெட்டுங்கள்.

இருட்டறை:
வாத்தியாருக்கு முதலில். அந்த ஆய்வில் எடையாகக் கொள்ளப்பட்டது புள்ளிகளின் கருமை. ஒரு முகத்தையும் அதே அளவு கருமை கொண்ட புதரையும் ஒரே எடையாகக் கூட்டினால் விடை தவறாகத்தான் வரும். அது அளவுகோலின் குறை. நான் சொல்வதை வேறு வழியில் காட்டுகிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலவு எழுவதை எடுத்த படத்தை எல்லோரும் அறிவீர்கள். ஒளிமானி கைக்கு அகப்படாமல், நிலவின் ஒளிர்வு தமக்கு மனப்பாடமாகத் தெரிந்ததை வைத்துக் கணக்கிட்டு அவர் எடுத்தது அது. அதே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் அச்சிட்டார். தொடக்கக் காலப் பிரதிகளில் மேல்வானம் சாம்பல் நிறமாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிற்காலப் பிரதிகளில் அந்த வானம் ஏறத்தாழ முழுக் கருமையாகிவிட்டது. நிலவு ஒரு மயிரிழைகூட இடம் மாறவில்லை, அளவும் மாறவில்லை. ஆனால் முதல் பிரதியில் மேகத்துக்கு நடுவே இருக்கும் ஒரு பொருளாகத் தெரியும் நிலவு, பிந்தைய பிரதியில் சட்டகத்தின் பாதிக்கும் மேலான இருட்டைத் தனியாகத் தாங்குகிறது. கீழே கல்லறையின் வெண்சிலுவைகள் அதற்கு மறுமொழி சொல்கின்றன. இடம் மாறாமல், அளவு மாறாமல் ஏதோ ஒன்று கூடியிருக்கிறதே, அதற்கு எடை என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

நிழலிக்கு: அந்த நிலவைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். அச்சம் கூடாது, வெறும் இருட்டுத்தான் மிஞ்சும். பதற்றத்துக்கும் ஓர் எதிர்முனை தேவை. எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் பாறை உருளப்போவதாகத் தோன்றாது, பாறைக்கு அருகில் போய் எடுத்த படமாகத்தான் தோன்றும்.

கணக்கு வாத்தியார்:
ஹெர்னாண்டஸ் உதாரணத்தை ஏற்கிறேன்; நான் எதிர்பார்த்ததைவிட வலுவானது. கருமையைக் கூட்டினால் விளைவு மாறும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய கூற்று அது, நடந்தபின் சொல்லும் சமாதானம் அன்று. ஆனால் அதிலிருந்து கவர்ச்சி கூடியது என்றுதான் பெறலாம். சமநிலை வந்தது என்று பெற முடியாது. கண் எங்கே போகிறது என்பதும் படம் சமநிலையில் இருக்கிறது என்பதும் வேறு வேறு. மேலும் நிழலி சொல்லும் உருளும் உணர்வில் நம் எழுத்துப் பழக்கம் கலந்திருக்கிறது என்று ஐயுறுகிறேன். நாம் இடமிருந்து வலமாக வாசிக்கிறோம், சரிவும் அப்படியே இறங்குகிறது, ஆகவே பாறை போகப்போகிறது என்கிறோம். பிரெஞ்சு வாசகர்களையும் வலமிருந்து இடமாகப் படிக்கும் ஹீப்ரு வாசகர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், எந்தப் பக்கம் நோக்கிய படம் பிடிக்கும் என்பது வாசிப்புத் திசையோடு மாறியது. பாறைக்கு அந்தத் திசை தெரியாது.

நிழலி:
படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான். திருப்பியதும் பாறை யாரோ மேலே உருட்டிக்கொண்டு போவதுபோல ஆகிவிட்டது. ஆனால் இதை எதிர்வாதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் படிக்கிறவர் தமிழ் படிக்கிறவருக்காக எடுக்கும் படம் இது. அந்தப் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தபின் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன தவறு? கட்டைவிரல் சோதனையையும் செய்தேன். பஞ்சுமிட்டாயை மறைத்தபோது வானம் செத்துப்போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்ட வேண்டாம், ஆனால் அந்த இளஞ்சிவப்பைப் பாதியாக வெளிறவிடுங்கள். இப்போது அது வெள்ளிக்கோலின் குண்டாக இல்லை, விளம்பரப் பலகையாக இருக்கிறது.

இருட்டறை:
நிறத்தைக் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பாதி அதிகம், கால்பங்கு போதும்.

செங்கைக்காரன்:
மூன்று வடிவங்களையும் வீட்டில் இருந்தவர்களிடம் காட்டினேன்: பஞ்சுமிட்டாய்க்காரர் இருப்பது, வெளிறியிருப்பது, வெட்டியது. கண் எங்கே போகிறது என்பது தனிக் கேள்வி என்று வாத்தியார் சொன்னதால், இது பிடிக்கிறதா என்று கேட்காமல் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். தம்பி பாறை என்றான், அவன் மனைவி பஞ்சுமிட்டாய் என்றார், சித்தப்பா படத்தையே பார்க்காமல் இந்த ஞாயிறு எங்களைக் கூப்பிடாமல் ஏன் போனாய் என்று கேட்டார். அம்மா மட்டும் மூன்று படங்களிலும் ஒரே இடத்தில் விரல் வைத்தார். பாறையின் அடியில், நிழலோடு நிழலாக, விரித்த துணியில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது. "இவ்வளவு பெரிய கல்லுக்கு அடியிலா பிள்ளையைப் படுக்க வைப்பார்கள்?" என்றார். எடுத்த நானே அதைக் கவனிக்கவில்லை. இங்கே மூன்று நாளாக விவாதித்த யாரும் கவனிக்கவில்லை.

கணக்கு வாத்தியார்:
இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். கருமையும் இல்லை, நிறமும் இல்லை, அளவும் இல்லை. பார்த்துவிட்டபின் என்னால் வேறு எங்கும் கண்ணைக் கொண்டுபோக முடியவில்லை. இருட்டறை ஐயாவின் பட்டியலில் இதற்கு எந்த இடம் என்று தெரியவில்லை, ஆனால் என் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

நிழலி:
உருளப்போகும் கல், அதன் அடியில் தூங்கும் பிள்ளை. இனி பஞ்சுமிட்டாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குழந்தையைத் தெரியவிடுங்கள்.

இருட்டறை:
தெரியவிடலாம், காட்டிக்கொடுக்க வேண்டாம். அந்த நிழலை மட்டும் தேர்ந்தெடுத்து அரை ஸ்டாப் (ஒளியளவில் அரைப்படி) திறவுங்கள்; அதற்கு மேல் போனால் பாறையின் அடி இளகி, மிதப்பதுபோல ஆகிவிடும். வானத்தைத் தொடாதீர்கள்.