போனில் நெட் ஓடுகிறது, டிவி ஸ்டிக்கில் மட்டும் இல்லை: ரவுட்டரில் எங்கே பார்ப்பது?

புது நாட்டில் வீடு பிடித்து இணைப்பு வந்த அன்றே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. போன், லேப்டாப் எல்லாம் ஓடும். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த டிவி ஸ்டிக், அதாவது டிவியில் செருகி ஆப்களில் படம் பார்க்கும் குச்சி, மட்டும் முரண்டு பிடிக்கும். ஸ்டிக் கெட்டுவிட்டது என்று உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். புதியதும் அதே கதைதான்.

முதல் சோதனை, போன் ஹாட்ஸ்பாட். ஸ்டிக்கை அதில் இணைத்து, ஸ்டிக்கில் உள்ள ஆப்பிலேயே இரண்டு நிமிடம் ஏதாவது ஓட்டுங்கள். ஓடினால் பழி ரவுட்டர் மேல்தான். ஓடவில்லை என்றால் ஸ்டிக்கின் தேதி, நேரத்தைப் பாருங்கள். அது தப்பாக இருந்தாலே பல ஆப்கள் திறக்காது. "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வந்தால் அது உரிமச் சிக்கல், ரவுட்டரை நோண்டிப் பயனில்லை.

ரவுட்டருக்குள் போகும் முகவரியும் பாஸ்வேர்டும் அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பக்கம் உள்ளூர் மொழியில் வந்தால் பிரவுசரின் மொழிபெயர்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எதையும் மாற்றுமுன் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி, ஸ்டிக்கில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லையா? பழைய ஸ்டிக் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அது அணைந்திருக்கலாம். இடம் மாறி வந்தவர்களுக்கென்றே இன்னொரு வில்லங்கம் உண்டு, சேனல் எண், அதாவது அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடத்தின் எண். அமெரிக்காவில் விற்கும் சாதனங்கள் பொதுவாக 2.4-இல் 1 முதல் 11 வரைதான் பார்க்கும். ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் 13 வரை அனுமதி. ரவுட்டர் 'ஆட்டோ'வில் தானாக 12க்கோ 13க்கோ போய் உட்கார்ந்தால், அமெரிக்காவில் வாங்கிய ஸ்டிக்குக்கு அந்த வைஃபை இல்லவே இல்லை. ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11இல் ஒன்றை வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸிலும் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைச் சில ஸ்டிக்குகள் தொடாது; 36 வைத்துப் பாருங்கள்.

பெயர் தெரிகிறது, சரியான பாஸ்வேர்ட் போட்டும் சேரவில்லை என்றால் ரவுட்டரில் வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய ஸ்டிக்குகளுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2, 3 கலந்த முறைக்கு மாற்றினால் போதும்.

அப்புறம் என் கதை. ஸ்டிக்கின் ஆப்கள் ஓடின. ஆனால் போனில் ஓடுவதை டிவிக்கு அனுப்ப, அதாவது காஸ்ட் செய்யப் போனால் டிவி பெயரே வராது. வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் இருபது எழுத்துக்கு மேல். ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அடிக்கச் சோம்பல்பட்டு, ஸ்டிக்கை விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் போட்டிருந்தேன், பாஸ்வேர்ட் சின்னது என்பதால். கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே உள்ளே வருபவர்களை வீட்டின் முக்கிய நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பதுதான். இணையம் கொடுக்கும், பக்கத்துச் சாதனத்தைக் காட்டாது. புதிய ஸ்டிக்கையும் சமர்த்தாக அதிலேயே போட்டேன் என்பது தனி அவமானம்.

முக்கிய நெட்வொர்க்கில் போட்டும் இதே நிலை என்றால் 'ஏபி ஐசொலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்ற பெயரில், சாதனங்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்து வைக்கும் அமைப்பு ரவுட்டரில் இருந்தால் அணையுங்கள். போனில் விபிஎன் ஓடினாலும் டிவி தெரியாமல் போகலாம். நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரையும் மாட்டியிருந்தால், போன் ஒன்றிலும் ஸ்டிக் மற்றதிலும் இருக்கிறதா பாருங்கள். இரண்டையும் ஒரே ரவுட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

ஒன்றே ஒன்று: ஊசி விட்டு அமுக்கும் ரீசெட் ஓட்டையைத் தொடாதீர்கள். சில நிறுவனங்களின் இணைப்புக்கு ரவுட்டருக்குள் தனி லாகின் இருக்கும். அது அழிந்தால் போனில் வந்த நெட்டும் போய்விடும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், ஸ்டிக்கின் நெட்வொர்க் பக்கத்தில் உள்ள ஐபி முகவரியின் முதல் இரண்டு எண்களை மட்டும் எனக்கு எழுதுங்கள். 169.254 என்று இருந்தால் ரவுட்டர் அதற்கு முகவரியே தரவில்லை. ரவுட்டரில் சாதனங்களுக்கு முகவரி தரும் டிஹெச்சிபி பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.